கடாரம் சூழ்ந்த புகை



செயங்கொண்டம் என்னும் ஊர்ப்பெயரைக் கேட்டவுடன் தமிழ் கற்றோர் உள்ளத்தில் இருவர் தோன்றுவர். ஒருவர், பத்துக் கல் தொலைவு கூட இல்லாத கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கி, கடல் கடந்து கடாரம் வென்ற முதலாம் இராசேந்திரன். மற்றொருவர், ஊர்ப்பெயரோடு ஒத்த பெயர் தாங்கிய கலிங்கத்துப்பரணி ஆசிரியர் சயங்கொண்டார். அவர் இவ்வூரினர்தாமா என்பது ஆய்வாளரிடையே தீராத வழக்கு. அதனை இன்று தீர்க்க வேண்டியதில்லை. ஆயினும் இன்று எடுத்துக்கொண்ட பொருளுக்கு இவ்விருவரும் வழிகாட்டுகின்றனர். புலவர் காடு எரிவதைப் பாடினார். மன்னன் படை அனுப்பிய நாட்டில் இன்று காடு எரிகிறது.

கலிங்கத்துப்பரணியில் 'காடு பாடியது' என்றொரு பகுதி உண்டு. காளி உறையும் பாலைநிலத்தைக் காட்டவந்த புலவர், மரங்களையும் புதர்களையும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைத்து, எது கரிந்தது, எது பொரிந்தது, எது புகைந்தது, எது எரிந்தது என்று வேறுபடுத்திக் காட்டுகிறார். வகுப்பறையில் இதனை உயர்வு நவிற்சி அணிக்குச் சான்றாகக் காட்டி அடுத்த பகுதிக்குச் சென்றுவிடுவது வழக்கம். ஆனால் கோடை முதிர்ந்த பங்குனி, சித்திரையில் பச்சைமலைச் சரிவையோ, சருகு குவிந்த முந்திரிக்காட்டையோ பார்த்தவர்க்கு அது அணியாகத் தோன்றாது. காய்ந்த மரம் எரிவது வேறு, ஈரமரம் புகைவது வேறு என்னும் நுட்பம் அறிந்த ஒருவரே அவ்வாறு பாடியிருக்க இயலும். எரிதலுக்கும் புகைதலுக்கும் உள்ள இந்த வேறுபாடே இன்றைய பேச்சின் உயிர்நிலை.

தீயினும் புகையே மிகுதியான மக்களை வருத்துவது. தமிழகத்தில் இது நன்கு உணரப்படவில்லை. காரணம், இங்கே காட்டுத்தீ என்றால் நினைவுக்கு வருவது தீயே. 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்த மலையேற்றக் குழுவினரைக் காய்ந்த புல்வெளித் தீ சூழ்ந்தது. மருத்துவமனைகளில் பின்னர் இறந்தவரையும் சேர்த்து 23 பேர் உயிரிழந்தனர். தீ காற்றோடு மலைச்சரிவில் மேல்நோக்கி ஓடும் வேகத்தை மனிதர் கால்கள் வெல்ல இயலா என்பதை அன்று தமிழகம் அறிந்தது. விசாரணை நடந்தது, மலையேற்றத்துக்கு விதிகள் வகுக்கப்பட்டன. அத்தீ ஒரு மாலைப்பொழுதில் வந்து போயிற்று. இனிச் சொல்லப்போவது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வீட்டுக்குள் வந்து தங்கும் விருந்தாளியைப் பற்றியது.

மலேசியத் தமிழர் அதற்கு இட்ட பெயர் புகைமூட்டம். மலாய் மொழியில் 'ஜெரெபு' என்பர். தமிழ்ச்சொல்லின் பொருத்தம் வியக்கத்தக்கது. 'மூட்டம்' என்பதற்கு மூடியிருப்பது என்று பொருள் கொண்டு, வானை மூடிய புகை என விளக்கிவிடலாம். எனினும் சீமைக்கருவேல் மண்டிய தமிழகத்து வறண்ட ஊர்களில் கரிமூட்டம் போடுவோரைக் கண்டவர்க்கு இச்சொல் இன்னும் ஆழமாகத் திறக்கும். வெட்டிய விறகைக் கூம்பாக அடுக்கி, வைக்கோலும் தழையும் பரப்பி, ஈரமண்ணால் மேலே பூசி, சிறு துளைகள் மட்டும் விட்டு உள்ளே நெருப்பிடுவர். அதன்பின் பல நாட்கள் ஆள் மாற்றி ஆள் காவல் இருப்பர். எங்கேனும் மண் வெடித்துத் தழல் வெளிப்பட்டால் உடனே மண் பூசி அடைத்துவிடுவர். விட்டால் கரி கிடைக்காது, சாம்பலே மிஞ்சும். காற்றுக் குறைந்த நெருப்பு தழல் விடாது. உள்ளுக்குள் கனன்று வெண்புகையை மட்டும் கக்கும்.

சுமத்திராவின் கிழக்குக் கரையிலும் போர்னியோவின் கலிமந்தான் பகுதியிலும் இயற்கையே இத்தகைய மூட்டம் ஒன்றை இலட்சக்கணக்கான எக்டேர் பரப்பில் அடுக்கி வைத்திருக்கிறது. அங்குள்ள சதுப்புக் காடுகளில் விழுந்த மரமும் இலையும் வேரும் தேங்கிய நீரில் முழுதும் மட்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. சில இடங்களில் இப்படிவு 10 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. நிலநூலார் இதனை முற்றா நிலக்கரி என்பர். மலாய் வழக்கில் 'காம்புட்'. இது மண்ணுள் புதைந்து, இறுகி, பல இலட்சம் ஆண்டுகள் கழிந்தால் பழுப்பு நிலக்கரியாகும். செயங்கொண்டத்து வயல்களின் அடியில் கிடப்பது அந்த மூத்த உடன்பிறப்புத்தான். அதற்காக 1990களில் நிலம் எடுக்கத் தொடங்கியதும், உழவர் நீதிமன்றப் படி ஏறியதும், சுரங்கம் வாராமலே போனதும் இவ்வூரார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டாதவை.

முற்றா நிலக்கரி நீரில் ஊறிக் கிடக்கும் வரை எரியாது. அதனை எரியச் செய்வது தீக்குச்சி அன்று, கால்வாய். செம்பனை நடவும், தாள் தொழிலுக்கு மரம் வளர்க்கவும், சதுப்பு நிலத்தின் நீரை வடித்தாக வேண்டும். கால்வாய் வெட்டி நீரை வடித்தவுடன் மேற்படிவு காய்கிறது. கோடையில் நிலம் திருத்துவோர் மேலே இட்ட தீ கீழே இறங்குகிறது. பிறகு அதனைப் பார்க்கவும் இயலாது, அணைக்கவும் இயலாது. மேலே பச்சை தெரியும் இடத்தில் அடியில் கனல் ஊர்ந்துகொண்டிருக்கும். வானூர்தியிலிருந்து கொட்டும் நீர் மேல்மண்ணை நனைத்து ஆவியாகிவிடும். நிலத்தடி நீர்மட்டம் எங்கே உள்ளதோ அங்கேதான் அத்தீ நிற்கும். கரிமூட்டத்துக்குக் காவல் உண்டு. இந்த மூட்டத்துக்கு அதுவும் இல்லை.

இந்தோனேசிய அரசு 1990களின் நடுவில் கலிமந்தானில் பத்து இலட்சம் எக்டேர் சதுப்பை நெல்வயலாக்கும் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய்கள் வெட்டியது. நெல் விளையவில்லை. திட்டம் ஓரிரு ஆண்டுகளில் கைவிடப்பட்டது. கால்வாய்கள் மட்டும் எஞ்சின. 1997இல் எல் நினோ என்னும் பசிபிக் கடல்வெப்ப மாற்றத்தால் மழை பொய்த்தபோது அந்நிலமெல்லாம் பற்றிக்கொண்டது. அவ்வாண்டு இந்தோனேசியத் தீயில் வெளியேறிய கரியின் அளவு, உலகம் முழுதும் ஓராண்டில் நிலக்கரியும் எண்ணெயும் எரித்து வெளியிடும் கரியில் 13 முதல் 40 விழுக்காடு வரை இருக்கலாம் என 2002இல் அறிவியலார் மதிப்பிட்டனர். ஒரு நாட்டின் சதுப்பு நிலம் சில மாதங்களில் செய்த வேலை இது.

தென்மேற்குக் காற்று வீசும் ஆடி முதல் ஐப்பசி வரையிலான காலத்தில் சுமத்திராவின் புகை மலாக்கா நீரிணையைக் கடந்து மலாயாக் கரையை அடைகிறது. மலேசியாவில் காற்றின் தூய்மைக்கேட்டை ஒரு குறியீட்டு எண்ணால் அளப்பர். 50 வரை நன்று, 100 வரை ஏற்கத்தக்கது, 200க்கு மேல் மிகக் கேடு, 300ஐத் தாண்டினால் பேரிடர். 1997 செப்டம்பரில் சரவாக் மாநிலத்தில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது; கூச்சிங் நகரில் அவ்வெண் 800ஐயும் கடந்தது. 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும், 2013 ஜூனில் மூவார், லேடாங் மாவட்டங்களிலும் நெருக்கடிநிலை வந்தது. அதே 2013 ஜூன் 21இல் சிங்கப்பூரின் குறியீடு 401. 2015இல் மீண்டும், 2019இல் மீண்டும். கிள்ளான் தமிழர் செறிந்து வாழும் ஊர் என்பதை அவை அறியும். இத்துயரம் அயலார் துயரம் அன்று.

1997 செப்டம்பர் 26ஆம் நாள், புகை சூழ்ந்த சுமத்திராவின் மேடான் நகரை நெருங்கிய பயணியர் விமானம் ஒன்று மலைப்பகுதியில் மோதி, அதிலிருந்த 234 பேரும் மாண்டனர். மேடானுக்கும் தமிழருக்கும் பழந்தொடர்பு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டெலி வட்டாரப் புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் இன்றும் அந்நகரில் வாழ்கின்றனர்.

தொடர்பு அதனினும் பழையது. இராசேந்திரன் மெய்க்கீர்த்தி கூறும் சீவிசயம் சுமத்திராவின் பலெம்பாங் வட்டாரம். மலையூர் என்பதை ஜாம்பி வட்டாரத்தோடு இணைத்துப் பார்ப்பர். கடாரம் இன்றைய கெடா. 1025ஐ ஒட்டிய அப்படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டு நிறைவு 2025 ஆடித் திருவாதிரையன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் பெருவிழாவாகக் கொண்டாடப்பட்டது. படையெடுப்புக்குப் பின்னும் வணிகர் சென்றனர் என்பதற்குச் சுமத்திராவின் மேற்குக் கரையில் பாரூஸ் அருகே கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு சான்று. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவின் கல்வெட்டு அது. அவர்கள் நாடிச்சென்ற பொருள்களுள் கற்பூரம் ஒன்று. பூசையறையில் இடும் சாம்பிராணிப் பிசினும் சுமத்திராக் காட்டு மரங்களில் வடிவது. மெய்க்கீர்த்திகளில் வென்ற நகரங்களின் பெயர் படித்து மகிழ்வோர், பலெம்பாங், ஜாம்பி என்னும் அதே பெயர்கள் இக்காலத்தில் காட்டுத்தீ அறிக்கைகளில் மீண்டும் மீண்டும் வருவதையும் படித்தல் தகும். ஒரு காலத்தில் நறும்புகை தந்த காடு.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். புகைமூட்டத்தால் வருந்துவோராக மட்டும் தமிழரைக் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. மலாயாவின் பெருங்காட்டை வெட்டி, காயவிட்டு, எரித்து, அச்சாம்பலில் பால்மரம் நட்டவர்களுள் தமிழ்க் கூலிகள் முதன்மையானவர்கள். முடிவெடுத்தவர் வெள்ளைத் துரைமார்; தீயிட்ட கை தமிழன் கை. அந்தக் காலத்தில் காடழித்தல் என்றாலே எரித்தல்தான். அகிலன் எழுதிய 'பால்மரக் காட்டினிலே' முதலாக மலாயாத் தோட்ட வாழ்வைப் பேசும் புதினங்கள் அம்மக்களின் கண்ணீரைப் பதிவு செய்திருக்கின்றன. காட்டின் பக்கம் நின்று எழுதப்பட்ட ஒன்றுக்குத் தமிழில் இன்னும் இடம் இருக்கிறது.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது ஒரு நல்ல மாற்றமும் நிகழ்ந்தது. பழைய மரங்களைச் சாய்த்து, துண்டாக்கி, எரிக்காமல் நிலத்திலேயே மட்கவிடும் முறையை 1980களின் இறுதியில் மலேசியத் தோட்டத்தார் கண்டனர். மண்ணுக்கும் அது நல்லுரமாயிற்று. ஆயின் மலேசிய, சிங்கப்பூர் முதலீடு நீரிணைக்கு அப்பால் சென்றபோது அந்நல்வழக்கம் எல்லாரோடும் கூடச் செல்லவில்லை. எரிப்பது பெருநிறுவனமா, சிறு உழவனா என்ற வழக்கு அங்கே ஒவ்வோராண்டும் எழும். ஒவ்வோராண்டும் மழை வந்து அதனை முடித்துவைக்கும்.

புகையோடு வாழ்வதென்றால் என்ன? காலையில் கதிரவன் குங்குமப் பொட்டுப் போலச் சிவந்து தெரியும். கண் கூசாமல் அதனைப் பார்க்கலாம். தொண்டை கமறும், கண் கரிக்கும். கொடியில் உலர்த்திய துணியில் புகைநாற்றம் ஏறும். பள்ளிகள் மூடப்படும், பெற்றோர் மகிழ்ச்சியடையும் விடுமுறை அன்று அது. ஈளை நோயாளரும் முதியோரும் கைக்குழந்தைகளும் மருத்துவமனைக்கு வருவர். கண்ணுக்குத் தெரியும் கரித்தூள் இவர்களைக் கெடுப்பதில்லை. அது மூக்கிலேயே நின்றுவிடும். விட்டத்தில் 2.5 மைக்ரான் அளவும் அதனினும் சிறியதுமான நுண்துகள்களே நுரையீரலின் அடிவரை சென்று, குருதியிலும் கலப்பன. மனிதத் தலைமயிரின் பருமன் இத்துகளைப்போல இருபது மடங்குக்கும் மேல். இத்துகள் 24 மணிநேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் வகுத்த வரம்பு. இந்தியாவின் வரம்பு 60.

ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொள்வது பழைய வழக்கம். அது கண்ணெரிச்சலையும் இருமலையும் சற்றே தணிப்பது போலத் தோன்றும், நுண்துகளைத் தடுக்காது. அறுவை மருத்துவர் அணியும் மெல்லிய முகமூடியும் பெரிதும் உதவாது. முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 வகை முகமூடியே பயன்தரும். கதவு சன்னல்களை அடைத்து, ஓர் அறையையேனும் காற்று வடிகட்டியோடு தூயதாக வைத்துக்கொள்வது நகரத்தார்க்கு இயலும். கூரைக்கும் சுவருக்கும் இடையே கையகல இடைவெளி உள்ள தோட்டத்து லயத்தில் சன்னலைச் சாத்தி என்ன பயன்? நாட்கூலிக்குக் குலை வெட்டும் தொழிலாளி புகை விலகும் வரை வீட்டில் இருந்தால் அடுப்பு எரிவது எப்படி? புகை எல்லார்க்கும் பொது என்பர். புகை பொதுதான், அதனின்று ஒதுங்கும் வாய்ப்பு பொதுவன்று.

2015ஆம் ஆண்டுப் புகையால் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்று நாடுகளிலும் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் காலத்துக்கு முன் இறந்திருக்கலாம் என 2016இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர் கணித்தனர். மூன்று நாட்டு அதிகாரிகளும் அதனை ஏற்கவில்லை. கணிப்பு முறையில் ஐயம் எழுப்பலாம். அது அறிவுலக வழக்கம். ஆனால் 1997 நவம்பரில், புகைமூட்டம் பற்றிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் வெளியே கருத்துரைக்கலாகாது என மலேசிய அரசு தடுத்ததும், பின்னர்ச் சில ஆண்டுகள் காற்றுக் குறியீட்டு எண்களையே மக்களுக்கு அறிவிக்காமல் வைத்திருந்ததும் வேறு வகை. சுற்றுலாப் பயணியர் வரவு குறையும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். 2005இல் கிள்ளானில் மூச்சுத் திணறியபோதுதான் எண்கள் மீண்டும் வெளிவந்தன. புகையைக் கண்ணால் கண்டுகொண்டிருக்கும் மக்களிடமிருந்து புகையின் அளவை மறைப்பது எத்தகைய ஆட்சிமுறை என்பதை அவையோரே எண்ணிப் பார்க்கலாம்.

எல் நினோவைப் பற்றி இடையே ஒரு செய்தி. 2015இல் இந்தோனேசியாவின் 26 இலட்சம் எக்டேரைத் தீய்த்த அதே எல் நினோ, தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழையை வலுப்படுத்தும் இயல்புடையது. அவ்வாண்டு நவம்பர், டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்ததை மறந்தவர் இலர். அங்கே புகை, இங்கே வெள்ளம், கடல் ஒன்றே.

செயங்கொண்டத்துக்கும் அந்தப் புகைக்கும் மேலும் நெருக்கமான உறவு ஒன்றுண்டு. அது நியாயவிலைக் கடையில் இருக்கிறது. 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது வழங்கல் திட்டத்தின்கீழ்த் தமிழகக் குடும்ப அட்டைதாரர்க்கு மானிய விலையில் பாமாயில் வழங்கப்படுகிறது. லிட்டர் 25 ரூபாய் என்னும் விலை ஏழை வீட்டுக்கு எத்தனை பெரிய ஆறுதல் என்பதை யாரும் மறுக்கலாகாது. அந்த எண்ணெயின் ஊற்று சுமத்திராவும் கலிமந்தானும் மலேசியாவுமே. உலகில் மிகுதியாகப் பனை எண்ணெய் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா; ஆண்டுக்கு 80, 90 இலட்சம் டன் அளவில் வருகிறது. ஒருபுறம் நிலக்கடலை விளையும் மண். மறுபுறம் கடல் கடந்து வந்த எண்ணெயில் பொரியும் பலகாரம். கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் வழங்கலாகாதா என உழவர் அமைப்புகள் பல்லாண்டாகக் கேட்டு வருகின்றன. விலை வேறுபாட்டை யார் தாங்குவது என்பதே அங்கு நிற்கும் வினா. அதற்கு எளிய விடை இல்லை. 2021இல் ஒன்றிய அரசு 11,040 கோடி ரூபாயில் எண்ணெய்ப்பனைச் சாகுபடிக்கு ஓர் இயக்கம் தொடங்கியிருக்கிறது. பனை எண்ணெய் தீது என்று ஒரு சொல்லில் தள்ளுவதும் முறையன்று. ஓர் எக்டேரில் அது தரும் எண்ணெய் கடலையைப் போலப் பல மடங்கு. எந்த நிலத்தில், எதனை அழித்து, எப்படி நடுகின்றனர் என்பதே கேட்க வேண்டியது.

இத்தனைக்கும் மருந்து என்ன என்றால், வியப்பூட்டும் அளவுக்கு எளியது: நீர். வெட்டிய கால்வாய்களைக் குறுக்கே மரத்தடுப்பும் மண்ணும் இட்டு அடைத்து, சதுப்பில் நீரை மீண்டும் தேக்கினால் படிவு நனையும். நனைந்த படிவு எரியாது. 2014இல் சிங்கப்பூர் எல்லை கடந்த புகைக்குத் தண்டனை விதிக்கும் சட்டம் இயற்றியது. தென்கிழக்காசிய நாடுகள் 2002இல் கையெழுத்திட்ட புகை உடன்பாட்டை இந்தோனேசியா ஏற்புறுதி செய்ததும் 2014இல்தான். பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. சட்டங்கள் வேண்டியவையே. எனினும் 2015ஆம் ஆண்டுப் பேரழிவுக்குப் பின் 2016 சனவரியில் இந்தோனேசியா அமைத்த சதுப்புநில மீட்பு வாரியம் செய்த வேலை கால்வாய் அடைத்தலே. சதுப்பில் நிலத்தடி நீர் மேற்பரப்பிலிருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கலாகாது என அந்நாட்டு விதி கூறுகிறது. அந்த அளவைக் காட்டக் குழாய்கள் பதிக்கப்படுகின்றன. அடைத்த கால்வாயை நீர் கேட்கும் தோட்டக்காரரும் படகு விடுவோரும் இரவில் உடைத்துவிடுவதும் உண்டு. மடைக்காவலும் நீர்க்கட்டியும் ஏரிக்கரைகளில் வழிவழியாக இருந்து வந்த ஊர்களுக்கு இந்தச் சண்டை புதிதன்று. கங்கைவரை வென்ற இராசேந்திரன் தன் வெற்றியை நீராலேயே தூண் நிறுத்திக் காட்டுவது போலச் சோழகங்கம் என்னும் பேரேரியை வெட்டினான் என்பர். இன்று பொன்னேரி என வழங்கும் அவ்வேரியின் கரையும் காவலின்றி உடைந்து, நெடுங்காலம் தூர்ந்து கிடந்ததே.

சுமத்திராவில் ஐப்பசி இறுதியில் காற்றுத் திரும்பும். மழை தொடங்கியபின் முதலில் அடங்குவது மேற்பரப்புத் தீ. அடியில் கனல்வது சில இடங்களில் மேலும் பல வாரங்கள் புகைந்துகொண்டிருந்து, நீர்மட்டம் ஏறி அதனைத் தொட்ட பின்னரே அணைகிறது.